மூடக் கூடாத துளை

ஜூன் 9, திங்கள்

காலையில் கணினியைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சத்தம். சுவர்க் கடிகாரம் ஓடுவதுபோல டிக், டிக். கொஞ்சம் நின்று மறுபடியும். மில் பேட்டிகள் இருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. பிறகு டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்துவிட்டது.

பதற்றப்படவில்லை. நகல் ஒன்று இருக்கிறது. எதையும் இரண்டு இடத்தில் வைப்பது நிருபர் வேலையில் வந்த பழக்கம். ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

நாகமணி சமையலறை நிலைக்கதவில் கரண்டியால் தட்டினாள். தோசை தயார். சாப்பிட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. திரும்பி வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

நகலும் திறக்கவில்லை. இதில் சத்தம்கூட இல்லை.

ஜூன் 12, வியாழன்

காந்திபுரத்தில் இர்ஃபான் கடை. இரண்டு டிஸ்க்கும் அவரிடம் வாங்கியவைதான், ஒரே நாளில். மேல்கூடு இல்லாத டிஸ்க்குகள். மேசைமேல் ஒரு தாங்கியில் செருகி வைப்பது. கூடு போட்டதைவிட இது நீடிக்கும் என்று அவர்தான் சொன்னார்.

காதருகே வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல அவர் முகம் இருந்தது.

"உள்ள படிக்கற தலை அடி வாங்கிருச்சு சார். இனி இங்க ஒண்ணும் பண்ண முடியாது. வாரண்டி இருக்குல்ல, குடுத்தா புதுசு தருவான்."

"உள்ளே இருக்கிறது?"

"அதுக்கு அவன் பொறுப்பில்ல. பழசை எடுத்துக்குவான், காலியா ஒண்ணு தருவான். உள்ள இருக்கறது வேணும்னா மெட்ராஸ்ல ஒரு லேப் இருக்கு, கழட்டிப் பாப்பாங்க. ஆனா சீலைப் பிரிச்சா வாரண்டி போச்சு. ரெண்டும் சேந்து கெடைக்காது சார். அப்படி என்ன இருக்கு, பாட்டா?"

மில் கதவடைப்பு சமயத்தில் தொழிலாளர்களிடம் எடுத்த பேட்டிகள் என்றேன். கேசட்டில் இருந்ததைக் கணினிக்கு மாற்றினேன். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப்போனதால் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. புத்தகம் எழுதப்போகிறேன்.

"ஒண்ணை வாரண்டிக்குக் குடுங்க, ஒண்ணைக் கழட்டலாம். இதான் ஐடியா" என்றார். நல்ல யோசனை.

ஜூன் 13, வெள்ளி

பில்லைத் தேடினேன். நாகமணி பீரோவைத் திறந்து நேராக எடுத்துக் கொடுத்தாள். மிக்ஸி, குக்கர், ஃபேன் எல்லாவற்றின் பில்லும் அவளிடம்தான். டிஸ்க்குகளின் பில் அவள் பெயரிலேயே இருக்கிறது. அன்று என் போன் சார்ஜ் இறங்கிவிட்டதால் கடையில் அவள் பெயரையும் எண்ணையும் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

நாகமணிக்கு மருத்துவமனைப் பரிசோதனை. குரல்வளையை எடுத்த ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகப்போகிறது. காயம் நன்றாக ஆறியிருக்கிறது, கழுத்தில் நெறி கட்டவில்லை. டாக்டர் அம்மா திருப்தியாக இருந்தார்.

"இனி மூச்சு கழுத்துல இருக்கற இந்தத் துளை வழியாத்தான். மூடற மாதிரி எதையும் கட்டாதீங்க. குளிக்கும்போது தண்ணி போயிரக் கூடாது. பவுடர், தூசி எதுவும் ஆகாது." ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். நாகமணி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுகிறாள்.

தொண்டையில் வைத்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துகிறாளா என்று கேட்டார். மகள் அனுப்பிய சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'மாவு மில்லு பேசற மாதிரி இருக்குங்க. எனக்கே பயமா இருக்கு.' டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கருவி பெட்டியோடு பீரோவில் இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கவுண்டரில் ரெபேக்கா என்ற பெண். பொறுமையானவர். இரண்டு டிஸ்க்கையும் விளக்கின் கீழ் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

டிஸ்க்கின் மேல்தகட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"இதை மூடக் கூடாதுன்னு போட்டிருக்கு சார். உள்ள காத்து போய் வர்ற வழி இது. ரெண்டுலயும் மஞ்சளா ஏதோ காஞ்சு அடைச்சிருக்கு பாருங்க. ஈரமா உள்ளயும் இறங்கியிருக்கு. ஓரத்துல செவப்பா…" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பூஜை போட்டீங்களா சார்?"

பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடியும் பார்த்தேன்.

"எங்க ஆபீஸ்லயும் போடுவாங்க சார். பிரிண்டர், ஏசி, வாசல்ல நிக்கற வண்டி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். டிஸ்க்குப் பக்கம் மட்டும் விட மாட்டேன், சண்டை போடுவேன். ஸாரி சார். வெளிப்பொருள் பட்டுப் பழுதுன்னா வாரண்டி செல்லாது. ரெண்டுக்குமே."

கூடு போட்ட டிஸ்க் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

போன வருட ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் என் பழைய தட்டச்சு எந்திரத்தில் ஆரம்பித்து, கேமரா, கணினி, பேனா வரை நாகமணிதான் சந்தனப் பொட்டு வைப்பாள். அந்த வருடம் மட்டும் காலையிலிருந்து கல்லில் சந்தனம் அரைத்துக்கொண்டே இருந்தாள். தொண்டையில் சதை எடுத்துப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். குரல் அப்போதே கரகரத்துப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டாக வைக்காமல் விரலால் பூசினாள். "போதும், இதென்ன சந்தனக் காப்பா?" என்று நான் கேலி பேசியது நினைவிருக்கிறது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்து எடுத்தது நான்.

மேலிடத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போலாம். ஆனா பில்லு மேடம் பேர்ல இருக்கு. அவங்கதான் கையெழுத்துப் போடணும். என்ன பட்டுச்சு, யார் வெச்சாங்கன்னு எழுத்துல கேப்பாங்க."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல மழை.

ஜூன் 24, செவ்வாய்

வாரண்டி முடிந்துபோயிற்றாம் என்று நாகமணியிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

மதியம் பாகற்காய் குழம்பு.

ஜூலை 2, புதன்

காலைப் பேப்பர் மேல் பில்லை வைத்திருந்தாள். தேதியின் கீழே பென்சிலால் கோடு. சிலேட்டில்: 'அடுத்த வருசம் செப்டம்பர் வரைக்கும் இருக்குதுங்க.'

சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். புதிதாகத் தருவார்கள், ஆனால் பேட்டிகளைத் தர மாட்டார்கள், அதனால்தான் வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றேன். இதில் பாதி உண்மை.

சிலேட்டை அழித்து வேகமாக எழுதினாள். 'ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணைக் கழட்டறதுதானே? இர்ஃபான் தம்பி சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?'

பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கரண்டிச் சத்தம் இரண்டு நாளைக்குக் கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும்.

ஜூலை 5, சனி

மகள் மஸ்கட்டிலிருந்து பேசினாள். அம்மா எப்படி இருக்கிறாள், பேத்திக்குப் பல் முளைத்தது, அங்கே வெயில். கடைசியில் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, அந்த டிஸ்க்ல அம்மா வர்ற மாதிரி எதாவது இருந்துச்சாங்கப்பா?"

மில் பேட்டிதான் இருந்தது என்றேன்.

"என் போன்ல இருக்கற வீடியோ எல்லாத்துலயும் அம்மா குரல் அந்தக் கரகரப்போடதான் இருக்கு. பாப்பா பெருசாயி கேட்டா அதைத்தான் போட்டுக் காட்டணுமா? அதுக்கு முன்னாடி பேசினது ஒண்ணுமே இல்லையேப்பா. என் கல்யாண டிவிடியப் பாத்தீங்களா?"

மண்டபம் எது என்று மறந்துவிட்டதால் மதியம் அந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். நாகமணி பந்தி வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிடுகிறாள். யாரையோ பார்த்து ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரிக்கிறாள். எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டு ஓடுகிறது. முகூர்த்தத்திலிருந்து கைகழுவும் இடம் வரை, மூன்று டிவிடியிலும் பாட்டு. முழுக்கப் பார்த்தேன்.

மண்டபம் சூலூரில்.

ஜூலை 8, செவ்வாய்

பேட்டிகளை எங்கே எடுத்தேன் என்பதைப் புத்தகத்துக்காக இங்கே குறித்துவைக்கிறேன். கதவடைப்பின்போது தொழிலாளர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வரப் பயந்தார்கள். டீக்கடையில் பேசினால் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். அதனால் வீட்டுக்கு வரச் சொன்னேன். முன்னறையில் பாய் விரித்து, நடுவில் டேப் ரிக்கார்டர். நாகமணி டீ கொண்டுவருவாள். கொண்டுவந்தவள் உள்ளே போக மாட்டாள். சமையலறைக் கதவோரம் நின்று அவளும் ஏதாவது கேட்பாள்.

டீயைக் கொடுத்துவிட்டு அவள் பேசிக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்தக் கேசட்டில் என்பதுதான் நினைவில்லை. அநேகமாக எல்லாவற்றிலும்.

ஜூலை 9, புதன்

நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதிப் பார்த்தேன். இந்த நாட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் படாத கருவி கிடையாது. இங்கே விற்பவர்கள் எச்சரிக்கையை இங்கே படிக்கிற மொழியில் பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும். வாதம் நிற்கும். எத்தனையோ வாசகர்களுக்கு இதைவிடப் பலவீனமான வழக்கை எழுதிக் கொடுத்து ஜெயித்திருக்கிறோம்.

'மனுதாரர் நாகமணி ஆகிய நான், மேற்படி டிஸ்க்குகளின் மீது…' என்ற இடத்தில் நிறுத்தினேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

நாகமணி கிழித்த சத்தத்துக்கு எட்டிப் பார்த்தாள். சிலேட்டை எடுத்துவந்தாள். 'ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க. குக்கர் வெடிச்சதுக்கு, சோப்புப் பொட்டிக்குள்ள கல்லு வந்ததுக்கு. நம்ம வூட்டுக்குன்னா பேனா ஓடாதுங்களா?'

"வயசாயிருச்சு, விடு" என்றேன்.

'எனக்குத்தான் வாயி போச்சு. உங்களுக்கென்ன?'

ஜூலை 15, செவ்வாய்

நாகமணி உழவர் சந்தைக்குப் போவதாக எழுதிவைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். ஆபரேஷனுக்குப் பிறகு தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி. கையில் பை, சிலேட். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தாள். பையில் காய் எதுவும் இல்லை. சந்தை கலைந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

நான் ரசம் வைத்திருந்தேன். உப்பு அதிகம். அப்படியே சாப்பிட்டாள்.

ஜூலை 16, புதன்

சாமி படங்களுக்கு இன்று சந்தனம் இல்லை. குங்குமம் மட்டும். சந்தனக் கல்லும் அதன் இடத்தில் இல்லை. கேட்டேன். 'கட்டை தேஞ்சு போச்சுங்க' என்று எழுதினாள்.

பில் பீரோவில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. நாலாக மடித்திருக்கிறது. முன்பு மடிப்பு இருந்ததா தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

நாகமணி இரண்டு டிஸ்க்கையும் அவளே துணியில் சுற்றி என் பையில் வைத்தாள். சிலேட்டில் ஒரே சொல்: 'கழட்டுங்க.' வாரண்டியைப் பற்றி இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை.

இர்ஃபான் கடையில் கொடுத்தேன்.

"ரெண்டையுமா சார்? ஒண்ணையாவது வாரண்டிக்கு…"

"ரெண்டையும்."

"வீட்ல அம்மா சொல்லிட்டாங்களா? அப்பறம் அப்பீலே கிடையாது" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தகவல் இல்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றும் மைக் சத்தத்தில் மதியம் தூங்க முடியவில்லை. நாகமணி பால்கனியில் நின்று அறிவிப்பாளர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காணாமல்போன குழந்தையைப் பற்றி அறிவித்தார்கள். பிறகு கிடைத்துவிட்டது என்றார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இர்ஃபான் போன் செய்தார். ஒரு டிஸ்க்கில் தகடு முழுக்கக் கீறல், ஒன்றும் வராது. இன்னொன்றில் கொஞ்சம் வரும்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அவங்களுக்கே தெரியாது சார். வந்தது வரும். எதாவது ஒண்ணு முக்கியம்னா பேர் சொல்லுங்க, மொதல்ல தேடச் சொல்றேன்."

பெயர் சொல்லத் தெரியவில்லை. ஃபைல்களுக்கெல்லாம் பேட்டி கொடுத்தவர்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டது. புதிய டிஸ்க் ஒன்றில் மீட்ட பேட்டிகள். இது கூடு போட்டது. பழைய இரண்டையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். திருகாணிகளைக்கூட மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து ஹெட்போனில் கேட்கிறேன். பல பேட்டிகள் தொடங்கியதும் அறுந்துவிடுகின்றன. சிலவற்றில் வெறும் இரைச்சல். என் குரல் தெளிவாக இருக்கிறது. கதவடைப்பு அறிவிப்பு எந்தத் தேதி, சங்கத்தில் எத்தனை பேர், போனஸ் பாக்கி எவ்வளவு. இவ்வளவு விறைப்பாகவா பேசியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முழுதாக வந்திருக்கிறது. ஆறுச்சாமி, நூற்பாலைத் தொழிலாளி. அவர் தேதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டம்ளர்கள் வைக்கும் சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒலியைக் கூட்டினேன்.

சற்று நேரம் ஃபேன் சத்தம் மட்டும். அதற்குள் எங்கோ மெல்லிதாக ஒரு முனகல். பிறகு ஆறுச்சாமி: "ரெண்டு பசங்கம்மா. மூத்தவன் ஏழாவது படிக்கறான்."

மறுபடி ஃபேன். "இல்லீங்கம்மா, தோடு எங்கீங்க. அது போயி நாளாச்சு. இப்ப வேப்பங்குச்சிதான் சொருகியிருக்கா."

மறுபடி ஃபேன். அப்புறம் அவர் அழுகிறார்.

கேட்டவை எதுவும் இல்லை. பதில்கள் மட்டும் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கூட்டினால் ஃபேன்தான் கூடுகிறது. அன்று செய்தியில் நான் எழுதியது அந்த வேப்பங்குச்சியைத்தான். ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார். அதை வாங்கித் தந்த கேள்வி என்னுடையது அல்ல.

பின்னால் நாகமணி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். தலையை ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. அவள் கழுத்துத் துணிக்குள்ளிருந்து மூச்சு வந்துபோகிற சத்தம் எனக்கு ஒரு காதில், ஆறுச்சாமி ஒரு காதில்.

முடிந்ததும் சிலேட்டை எடுத்தாள்.

'இதுல நா இல்லீங்க. கதவோரம் நின்னேன். மைக்கு உங்ககிட்ட இருந்துச்சு.'

"புத்தகத்துக்குத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

எழுதியதை அழித்தாள். மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லிச் சைகை காட்டினாள். ஃபேன் சத்தம் வந்த இடத்தில் என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். எழுதினாள்.

'டீக்கு சக்கர போதுமாண்ணான்னு கேட்டுட்டு, பசங்க எத்தனைன்னு கேட்டேன்.'

ஓடவிட்டேன். ரெண்டு பசங்கம்மா. தட்டினாள். நிறுத்தினேன்.

'அக்கா காதுல தோடு இருக்குதாண்ணான்னு கேட்டேன். தோடு இருந்தா அடுப்பு எரியும்னு அர்த்தம்.'

ஓடவிட்டேன். அவர் அழுகிற இடம் வந்தது. அதற்கு முன் கேட்டது என்ன என்று நான் கேட்டேன். யோசித்தாள். பிறகு எழுதினாள்.

'ஒண்ணும் கேக்கல. சாப்பிட்டுப் போங்கண்ணான்னு சொன்னேன்.'

செப்டம்பர் 12, வெள்ளி

ஆறுச்சாமி பேட்டியைத் தட்டச்சு செய்து முடித்தேன். என் கேள்விகளுக்கு முன்னால் 'நிருபர்' என்று போட்டேன். மற்றவற்றுக்கு முன்னால் 'நாகமணி.' அச்செடுத்ததை அவள் கண்ணாடி போட்டு வாசித்தாள். சக்கரை என்று நான் திருத்தியிருந்ததைச் சக்கர என்று பென்சிலால் மாற்றினாள்.

மகளுக்கும் அனுப்பினேன். போனில் அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். அம்மா எப்படிக் கேட்டிருப்பாளோ அப்படியே கேட்டாள். நாகமணி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இர்ஃபான் கடைக்குப் போயிருந்தேன். சர்வீஸ் சென்டர் ரெபேக்கா அங்கே ஏதோ வாங்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம் நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். மேடத்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

நான் குளித்துவிட்டு வரும்போது மேசையில் எல்லாம் வரிசையாக இருந்தன. தட்டச்சு எந்திரம், கேமரா, கணினி, பேனாக்கள், அரிவாள்மனை, அவளுடைய சிலேட்டும்கூட. பரணிலிருந்து சந்தனக் கல் இறங்கியிருந்தது. கட்டை தேய்ந்துபோகவில்லை. முழுசாகவே இருக்கிறது.

எல்லாவற்றிலும் பொட்டு. புதிய டிஸ்க்கில் மட்டும் இல்லை. அதை ஒரு வெள்ளைத் துணிமேல் தள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூ. டிஸ்க்கின் மேல் படாமல், ஒரு கை தள்ளி. இதற்குத்தான் கூடு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

டிஸ்க்குகள் சந்தனத்தால்தான் போயின என்று இந்த வீட்டில் நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

நாகமணி கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

பீரோவுக்குப் போய் பழைய டிஸ்க்குகள் இருந்த கவரை எடுத்துவந்தேன். இரண்டையும் வரிசையின் கடைசியில், சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னை. கண் நிறைந்துவிட்டது. ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"இதுகளும் வேலை செஞ்சதுதானே நாகு. வெச்சு விடு. இனி ஒண்ணும் ஆகாது."

தட்டை வைத்துவிட்டுக் கல்லை அருகில் இழுத்தாள். பிறகு விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். பொட்டாக வைக்கவில்லை. போன வருடம் மாதிரியே பூசினாள், துளையின் மேலேயே, ஒன்றில் முழுக்க, அப்புறம் மற்றதில். நடுவில் குங்குமம். பூசும்போதே தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதிக் காட்டினாள். மூன்றாவது தடவைதான் புரிந்தது.

சந்தனக் காப்பு.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கழுத்துத் துணி மட்டும் படபடத்தது.

நான் கற்பூரம் காட்டினேன். பொரி கடலையைத் தட்டில் கொட்டிவிட்டு, அவள் கரண்டியால் நிலைக்கதவில் தட்டினாள். நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். இருந்தாலும் தட்டினாள்.